சம்பளம் மாதக் கடைசி வரை வர: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களும் பாட்டிகளும் பேசுவது பெரும்பாலும் விலைவாசிதான். ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் அங்கே உண்டு, போன வருடம் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. சந்தேகங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் இன்றைய விலை எதையும் போடவில்லை. கணக்குக்காக வரும் ராண்ட் எல்லாம் எடுத்துக்காட்டு மட்டுமே.

"சம்பளம் வந்து பத்து நாளில் கை காலியாகிவிடுகிறது அக்கா. எங்கே தொடங்குவது?"

முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள். வழக்கம்போல வாங்குங்கள், ஆனால் டில் ஸ்லிப் (கடை ரசீது) ஒன்றைக்கூட எறியாதீர்கள். ஒரு பழைய செருப்புப் பெட்டியில் போட்டு வையுங்கள். மாதம் முடிந்ததும் தரையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்: மாதச் சாமான் வாங்கியது, நடுவில் ஓடிப்போய் வாங்கியது, சமைக்காமல் வெளியே வாங்கிச் சாப்பிட்டது.

என் வீட்டில் முதல் தடவை இதைச் செய்தபோது அந்த நடுக் குவியல்தான் பெரிதாக இருந்தது. ஒரு ஸ்லிப் இன்னும் நினைவிருக்கிறது. முதல் வரியில் பிரெட். அதற்குக் கீழே சிப்ஸ், குளிர்பானம், பிஸ்கட், சாக்லேட், வெட்டி வைத்த பழம், ஒரு பத்திரிகை. பிரெட் வாங்கத்தான் போயிருந்தேன். அரிசியையும் பருப்பையும் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம், காசு போவது இந்த இரண்டாவது பயணத்தில். வாரத்துக்கு ஒரே நாள் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெட் இரண்டு மூன்றாக வாங்கி ப்ரீசரில் போடுங்கள், நன்றாகவே இருக்கும். பால் தீர்ந்தால் நீண்ட நாள் தாங்கும் டப்பாப் பால் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். கடைக்குள் நுழையும் தடவைகள் குறைந்தாலே பாதி வேலை முடிந்தது.

"சில சாமானுக்கு வாட் கிடையாதாமே? எதெதுக்கு?"

தென்னாப்பிரிக்காவில் வாட் என்ற விற்பனை வரி 15 சதவீதம், 2018 ஏப்ரலில் 14-லிருந்து ஏறியது. நீங்கள் 230 ராண்டுக்கு வரியுள்ள சாமான் வாங்கினால் அதில் 30 ராண்ட் வரி. ஆனால் ஏழை வீடுகளின் அடிப்படைச் சாப்பாடு என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதற்கு வரி பூஜ்யம். அரிசி, காய்ந்த பருப்பும் பீன்ஸும், மீலி மீல் (மக்காச்சோள மாவு), மீலி ரைஸ் (மக்காச்சோள நொய்), சாம்ப் (இடித்து உடைத்த மக்காச்சோளம்), பிரவுன் பிரெட், பால், பால் பவுடர், மாஸ் (புளித்த பால்), முட்டை, பச்சைக் காய்கறி, பழம், சமையல் எண்ணெய், டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன் எல்லாம் அதில் வருகின்றன. 2019 ஏப்ரலில் கேக் மாவும் வெள்ளை பிரெட் மாவும் சானிட்டரி நாப்கினும் சேர்ந்தன.

வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு. கோழி, ஆட்டுக்கறி, சர்க்கரை, உப்பு, டீ, மசாலா, தயிர், டின் பீன்ஸ் எல்லாவற்றுக்கும் உண்டு. எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெய்க்கு விலக்கு இல்லை. உங்கள் ஸ்லிப்பைப் பாருங்கள், வரியில்லாத சாமானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். 1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் அளந்து கொடுத்தது அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, உலர்ந்த மீன். அந்தச் சாப்பாட்டைச் சுவையாக்கக் கற்றவர்கள் நம் பாட்டிகள். அந்தக் கைப்பக்குவம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதுதான் நமக்குப் பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன்.

"அப்போ வாட் இல்லாததை மட்டும் வாங்கினால் போதுமா?"

போதாது. வரியில்லை என்பதால் அது மலிவு என்று ஆகிவிடாது. சீசன் இல்லாத நேரத்துத் திராட்சைக்கும் வரி கிடையாது. உப்புக்கு வரி உண்டு, அதற்காக உப்பை விட முடியாது. ஒரே வேலைக்கு இரண்டு பொருள் இருக்கும்போதுதான் பட்டியல் உதவும். வெள்ளை பிரெட்டா பிரவுனா, டின் பீன்ஸா காய்ந்த பீன்ஸா, தயிரா மாஸா என்று வரும்போது பாருங்கள்.

மாஸ் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது சூலு மக்கள் அமாசி என்று சொல்லும் புளித்த பால். கெட்டியாக, கொஞ்சம் திப்பித்திப்பியாக இருக்கும். மஞ்சளும் அரைத்த தேங்காயும் சேர்த்து மோர்க்குழம்பு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. தாளித்துச் சோற்றில் பிசைந்தால் தயிர்சாதம். நான் தயிருக்குப் பதில் மாஸுக்கு மாறிப் பல வருடம் ஆகிறது.

"ஷுகர் பீன்ஸ் ரெண்டு மணி நேரம் வேகுது. அந்த கரண்ட் காசுக்கு டின்னே வாங்கிடலாம் இல்லையா?"

நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ராஜ்மா இனத்தைச் சேர்ந்த இந்தக் காய்ந்த பீன்ஸ் அரைக் கிலோ ஊறி வெந்தால் ஒன்றே கால் கிலோ அளவுக்கு வரும். ஒரு சாதாரண டின்னைத் தண்ணீர் வடித்துப் பார்த்தால் கால் கிலோதான் தேறும். ஆக, அரைக் கிலோப் பாக்கெட் ஒன்று ஐந்து டின்னுக்குச் சமம். ராத்திரி ஊறவைத்து பிரஷர் குக்கரில் வைத்தால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும், கரண்ட் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். உங்கள் மீட்டரில் ஒரு யூனிட் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் காய்ந்த பீன்ஸ்தான் ஜெயிக்கும். மொத்தத்தையும் ஒரே நாளில் வேகவைத்து மூன்று டப்பாவில் ப்ரீசரில் வைத்துவிட்டால், டின்னைத் திறக்கும் சுலபமும் கிடைக்கும்.

குக்கர் இல்லாதவர்களுக்கு வெப்பம் காக்கும் பை இருக்கிறது. 2008-ல் சாரா காலின்ஸ் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்மணி உருவாக்கிய வொண்டர்பேக் இப்படிப்பட்டதுதான். பாத்திரத்தைக் கொதிக்கவைத்துப் பைக்குள் மூடிவிட்டால் மணிக்கணக்கில் தானாக வேகும். இல்லையென்றால் கனமான கம்பளிப் போர்வையும் அட்டைப்பெட்டியும் போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஷுகர் பீன்ஸ், ராஜ்மா வகைகளில் பச்சையாக ஒரு நச்சு உண்டு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் பைக்குள் வைக்க வேண்டும்.

"மீலி மீல் எங்களுக்குப் பழக்கமே இல்லை. அதை வைத்து என்ன செய்வது?"

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கேட்பது. நம் கோயில்களில் ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழே இங்கே மீலி மீலில்தான் காய்ச்சுகிறோம். முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் காய்ச்சி, மாஸ், நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்தால் நம் கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு வாய்க்குப் பிடித்துவிடும். மீலி ரைஸ் என்பது உடைத்த மக்காச்சோளம், நொய்போல இருக்கும். ரவைக்குப் பதில் அதில் உப்புமா கிளறலாம். சாம்பை ஷுகர் பீன்ஸோடு சேர்த்து வேகவைத்தால் ஒரு வேளைச் சாப்பாடே ஆகிவிடும்.

"வார்விக் சந்தைக்குப் போக டாக்சிக் காசு ஆகுது. லாபம்னு சொல்றீங்களா?"

ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் பல சமயம் லாபமில்லை. நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒருவர் போனால் நிச்சயம் லாபம். டர்பன் நகர மையத்தில் இருக்கும் வார்விக்கில் ஏர்லி மார்னிங் மார்க்கெட் நூறு வருடத்துக்கு மேல் பழைய சந்தை, நம் தோட்டக்காரர்கள் வளர்த்தது. சாட்ஸ்வொர்த்திலேயே பங்களாதேஷ் மார்க்கெட் இருக்கிறது, வெருலம் பக்கம் இருப்பவர்களுக்கு வெருலம் சந்தை இருக்கிறது. முதலில் பக்கத்துச் சந்தையைப் பாருங்கள்.

நாங்கள் தெருவில் நாலு பேர் தக்காளியைப் பெட்டியாக வாங்குகிறோம். வாசல்படியில் செய்தித்தாள் விரித்து, கையால் அழுத்திப் பார்த்துப் பிரிப்போம். கல்லுப்போல இருப்பவை ஜன்னல் ஓரத்தில் அடுத்த வாரத்துக்கு. சிவந்து உறுதியாக இருப்பவை இந்த வாரக் குழம்புக்கு. தொட்டால் குழியும் பழங்கள் அன்றைக்கே அடுப்பில் ஏறும். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையோடு வதக்கி, ஆறவைத்துப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ப்ரீசரில் போய்விடும். டின் மீன் குழம்புக்கு அதில் ஒரு கரண்டி போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டு ஆயா எப்போதும் குழியும் பழங்களைத்தான் தனக்கு எடுத்துக்கொள்வார், அதுதான் ருசி என்பார். பிரிக்கும்போது நாங்கள் அவருக்கென்று நாலு நல்ல பழத்தை ஒதுக்கி வைத்துவிடுவோம்.

சனிக்கிழமை மத்தியானம் கடை கட்டும் நேரத்தில் கீரை, கொத்தமல்லி விலை இறங்கும். அது அன்றைக்கே ஆய்ந்து சமைப்பவர்களுக்கு மட்டும். பையோடு பிரிட்ஜில் வைத்துத் திங்கட்கிழமை எறிந்தால் அது மலிவே இல்லை.

"பெரிய பாக்கெட் எப்பவுமே மலிவுதானே?"

இல்லை. ஒரு லிட்டருக்கு, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போனில் வகுத்துப் பாருங்கள். 750 மில்லி எண்ணெய் 30 ராண்ட் என்றால் லிட்டர் 40. இரண்டு லிட்டர் 84 ராண்ட் என்றால் லிட்டர் 42. பெரிய பாட்டில் இங்கே நஷ்டம். சின்னப் பாட்டில் சலுகையில் இருக்கும் வாரம் இப்படி அடிக்கடி நடக்கும். அட்டைப் பெட்டியின் உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், எடையைப் படியுங்கள்.

டர்பன் ஈரக்காற்றில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. இருபத்தைந்து கிலோ அரிசியில் வண்டு விழுந்தால் மிச்சம் எல்லாம் போச்சு. மாவும் அப்படித்தான். இறுக்கமாக மூடும் டப்பா இருந்தால் மட்டும் பெரிய மூட்டை வாங்குங்கள். மிளகாய்த்தூளும் மசாலாவும் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கவே வேண்டாம், மணம் போய்விடும்.

"கறி இல்லாமல் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டார். என்னதான் பண்றது?"

கறியை நிறுத்தச் சொல்லமாட்டேன். கறியின் பங்கைக் குறையுங்கள், குழம்பின் ருசியைக் குறைக்காதீர்கள். எங்கள் ஊர் பிரியாணியில் மசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் போடுவது வழக்கம், அதே வழியில் போகலாம். ஆட்டுக்கறியோடு டபுள் பீன்ஸ், ஆட்டுக்காலோடு ஷுகர் பீன்ஸ், கோழியோடு உருளைக்கிழங்கு. ஒரு கிலோ கறி போட்ட இடத்தில் அறுநூறு கிராம் போதும், எலும்பின் சாறு பீன்ஸில் இறங்கிவிடும்.

கோழி வாங்கும்போது பொட்டலத்தில் பொடி எழுத்தைப் படியுங்கள். மலிவாக வரும் உறைந்த துண்டுக் கோழியில் உப்புத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். 2016 முதல் துண்டுக்கு 15 சதவீதம், முழுக் கோழிக்கு 10 சதவீதம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அதாவது இரண்டு கிலோப் பையில் கால் கிலோ வரை உப்புத் தண்ணீராக இருக்கலாம், அதற்கும் கோழி விலைதான் கொடுக்கிறீர்கள். முழுக் கோழி வாங்கி வீட்டில் வெட்டுங்கள். முதுகெலும்பும் கழுத்தும் ரசத்துக்கு ஆகும். உப்பு ஏற்றிய கோழி வாங்கினால் குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், முக்கியமாக ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் வீட்டில்.

"ஷெல்ப்பில் ஒரு விலை, டில்லில் ஒரு விலை. கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்."

சட்டம் உங்கள் பக்கம். 2011 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டு விலை தெரிந்தால் கடை குறைந்த விலையைத்தான் வாங்க வேண்டும். யாருக்கும் பார்த்தவுடன் தெரியும் அச்சுப்பிழை மட்டும் விலக்கு. ஆயிரம் ராண்ட் பொருளில் பத்து ராண்ட் என்று ஒட்டியிருப்பது போல. கடை அதைத் திருத்தி அறிவித்துவிட்டால் பிழை விலைக்குக் கேட்க முடியாது.

எனக்கு ஒரு முறை ஐந்து சாமானில் மூன்றுக்கு டில்லில் கூடுதலாக அடித்தார்கள். அன்றிலிருந்து சலுகை விலைச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். டில்லில் இருக்கும் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள், விலையை ஏற்றுவது அவர் இல்லை. படத்தைக் காட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்புறம், அதே சட்டத்தில் இன்னொன்று: பரிசாக வந்த வவுச்சர் மூன்று வருடம் செல்லும். டிராயரில் தேடிப் பாருங்கள்.

"தேதி தாண்டிய சாமானைச் சாப்பிடலாமா, எறிய வேண்டுமா?"

தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெஸ்ட் பிஃபோர் என்றால் அதுவரை தரம் நன்றாக இருக்கும் என்று பொருள். பருப்பு, பாஸ்தா, பிஸ்கட், டின் போன்றவை அதற்கு அப்புறமும் கெட்டுப்போவதில்லை, முகர்ந்து பார்த்துச் சாப்பிடலாம். டின் உப்பியிருந்தால் மட்டும் திறக்காமலே எறியுங்கள். யூஸ் பை என்று இருந்தால் பேச்சே இல்லை, அந்தத் தேதிக்குள் சாப்பிடுங்கள் அல்லது ப்ரீசரில் போடுங்கள். கறி, கோழி, மீனுக்கு இதில் துணிச்சல் வேண்டாம்.

"ப்ரீசரை நம்பி வாங்கிப் போட்டால் கரண்ட் போய்விடுகிறதே?"

நிறைந்த ப்ரீசர் கதவைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் வரை தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள். இடம் காலியாக இருந்தால் குளிர்பானப் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். எந்த நேரத்தில் கரண்ட் போனாலும் சில மணி நேரம் கவலை இல்லை.

ஆனால் எல்லாச் சேமிப்பையும் ப்ரீசரில் வைக்காதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் கடைகள் சூறையாடப்பட்டபோது பிரெட்டுக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றோம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு பல இடங்களில் குழாயில் தண்ணீரே வரவில்லை. அப்போது கைகொடுத்தது அலமாரியில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன், பால் பவுடர். இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு போதும், அதற்குமேல் பதுக்க வேண்டாம். மாதாமாதம் ஒரு பாக்கெட் கூட வாங்கி, பழையதை முன்னால் நகர்த்தி வையுங்கள். மூடிபோட்ட தண்ணீர் டிரம் ஒன்றும் இருக்கட்டும்.

"லைட்டையெல்லாம் அணைக்கிறேன். ப்ரீபெய்ட் கரண்ட் அப்படியும் ஓடுது!"

லைட்டில் பெரிய மிச்சம் இல்லை. கீசரைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். நிறைய வீடுகளில் மாதக் கரண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீசர்தான் குடிக்கிறது. தொட்டிக் குளியலுக்குப் பதில் சுருக்கமாக ஷவர், எல்லோரும் அடுத்தடுத்துக் குளிப்பது, கீசருக்குப் போர்வை, சூடான குழாய்க்கு உறை: இவை எல்லாம் உடனே மீட்டரில் தெரியும். தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைக்க வேண்டியதில்லை. ரொம்பக் கீழேயும் இறக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வளரும். கீசரின் மின்பகுதியைத் திறக்கும் வேலை எலெக்ட்ரீஷியனுடையது.

சில நகராட்சிகளில் மாதத்தில் அதிக யூனிட் வாங்க வாங்க அடுத்த யூனிட்டின் விலை ஏறும். உங்கள் கூப்பனைப் படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கிச் சேர்ப்பது நஷ்டம்.

"புரட்டாசிக்குக் கறி இல்லை, செலவு குறையும்னு நினைச்சேன். கூடிடுச்சே?"

வருடா வருடம் கேட்கும் கேள்வி. நம் ஊரில் புரட்டாசி என்றால் தெருவே விரதம். எல்லோரும் ஒரே மாதத்தில் கத்தரிக்காயும் டபுள் பீன்ஸும் வெண்டைக்காயும் தேடினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அதோடு, கறி இல்லாத குறைக்குப் பனீர், சீஸ், சோயா சாசேஜ், கடையில் வாங்கிய சமோசா என்று கூடை நிறைகிறது. வாட் பட்டியலை நினைத்துப் பாருங்கள், இவற்றில் எதற்கும் விலக்கு இல்லை. மாதம் முடிந்ததும் மட்டன் வாங்கக் காட்டும் அவசரம் வேறு.

ஆகஸ்ட் மாதமே வேலையைத் தொடங்குங்கள். டபுள் பீன்ஸை அப்போதே உரித்து உறையவையுங்கள். பழைய பழப்பெட்டியில் மண் போட்டு வெந்தயத்தைத் தூவுங்கள், அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான். நாலு வாரத்துக்குள் கீரை பறிக்கலாம். ஒரு வாரம் விட்டு இன்னொரு பெட்டி தூவினால் மாதம் முழுக்க வரும். தோட்டத்தில் தானாக முளைக்கும் முளைக்கீரையைக் களை என்று பிடுங்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. சூலு அம்மாக்கள் அதை இமிஃபினோ என்று பறித்துச் சமைக்கிறார்கள், நம் பாட்டிகளும் பறித்தவர்கள்தான். என்ன கீரை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பறியுங்கள். மருந்தடித்த இடத்திலும் சாலை ஓரத்திலும் வேண்டாம்.

"ஸ்டாக்வெல்லில் சேரலாமா? நம்ம சீட்டு மாதிரிதானா?"

அதேதான், தெரிந்தவர்கள் சேர்ந்து மாதாமாதம் போட்டு வைப்பது. டிசம்பர் மளிகைக்கென்று சேர்ப்பது நல்ல வழி. பத்து வீடு சேர்ந்து மொத்தக் கடையில் வாங்கினால் அரிசி, எண்ணெய், சோப்பில் நன்றாகவே குறையும். பணம் ஒருவர் பெயரில் இல்லாமல் குழுவின் வங்கிக் கணக்கில் இருக்கட்டும், எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், நோட்டை எல்லோரும் பார்க்க வேண்டும். "போட்டதற்கு மூன்று மடங்கு வரும், நாலு பேரைச் சேர்த்துவிடு" என்று வாட்ஸப்பில் வந்தால் அதன் பெயர் ஸ்டாக்வெல் என்று போட்டிருந்தாலும் அது பிரமிட் மோசடி. சட்டம் தடை செய்தது. அத்தைமகள் கேட்டாலும் சேராதீர்கள்.

"இருபதாம் தேதிக்கு மேல் கடன் வாங்கித்தான் சமைக்கிறோம். கொஞ்சமாகத்தான் வாங்குகிறோம்."

இதைச் சொல்லும்போது பலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுபெற்றவர்கள் தரும் குறுகிய காலக் கடனுக்கே மாதம் 5 சதவீதம் வரை வட்டி, அதற்குமேல் கட்டணங்கள். தெருவில் கொடுக்கும் மஷோனிசா கேட்பது அதற்கும் பல மடங்கு. உங்கள் வங்கி அட்டையையோ பின் எண்ணையோ அடையாளப் புத்தகத்தையோ கடனுக்காக யாரும் வாங்கி வைத்துக்கொள்வது சட்டவிரோதம், கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கடன் வாங்கும் நிலை தொடர்ந்து மூன்று மாதம் இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் சமையலறையில் இல்லை. வங்கி ஸ்டேட்மெண்டை எடுத்து டெபிட் ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரே ஆளுக்கு மூன்று இறுதிச்சடங்குப் பாலிசி, பார்க்காத டிவி, எப்போதோ நிறுத்தச் சொன்ன ஜிம் என்று இருப்பதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"கருமாதி, காவடி, கல்யாணம்... இதில் எப்படி அக்கா மிச்சம் பிடிப்பது? நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

இதற்குச் சுலபமான பதில் கிடையாது. வந்தவர்களுக்குச் சோறு போடுவது நம் குணம், அதைக் குறைக்க நான் சொல்லமாட்டேன். வாழை இலையில் சோறு, பருப்பு, இரண்டு காய், ரசம், பாயசம் வைத்தால் அது முழுச் சாப்பாடு. கடன் ஏறுவது அதற்குமேல் வரும் கூடாரம், அலங்காரம், கேட்டரிங் பிரியாணி, பெட்டி பெட்டியாகக் குளிர்பானம் ஆகியவற்றால். நம் பெரியவர்கள் காலத்தில் தெருவே வந்து காய் நறுக்கியது. ஒரு வீட்டில் யாராவது "இந்த முறை நாமே சமைப்போம்" என்று முதலில் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாகப் பின்னால் வருகிறார்கள், நானே பார்த்தது. சாவு வீட்டுக்குப் போகும்போது பூமாலைக்குப் பதில் பத்துக் கிலோ அரிசி கொண்டுபோங்கள்.

"எதில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது?"

பிள்ளைகளின் பால், முட்டை, மருந்து, குடிக்கும் தண்ணீர். இந்த நாலையும் தொடாதீர்கள். அப்புறம் சோறு. நம் ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோற்றை மிச்சம் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சீக்கிரம் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள்.

எனக்கு மிகவும் கவலையான விஷயம் பாட்டிகள். "எனக்கு டீயும் பிரெட்டும் போதும் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் பங்கைப் பேரப்பிள்ளைக்கு ஒதுக்குகிறார்கள். பென்ஷன் பணத்தில் வீடே நடக்கும், அவர் தட்டில் பருப்புகூட இருக்காது. சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுபவர் இப்படி இருந்தால் தலைசுற்றி விழுவார். வயதானவர் தட்டில் தினம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

"பாட்டியும் பேரனும் மட்டும்தான், பென்ஷனைத் தவிர வருமானம் இல்லை. இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்?"

அந்த வீட்டில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை, உரிமையுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். வருமானம் குறைந்த வீடுகளுக்கு மாதம் 50 யூனிட் கரண்டும் 6,000 லிட்டர் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது நாட்டின் அடிப்படைக் கொள்கை. நகராட்சியைப் பொறுத்து அளவும் தகுதியும் கொஞ்சம் மாறும். பல இடங்களில் இது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். வீடு செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருப்பதால் விண்ணப்பம் திரும்பி வந்த கதை எங்கள் தெருவிலேயே இரண்டு. அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் தாளும் வேண்டும்.

படிவம் நிரப்பத் தெரியவில்லையென்றால் அடையாள அட்டை, நகராட்சி பில், பென்ஷன் ஸ்லிப் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்துக்கு வாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து சேர்ந்து நிரப்பிவிடலாம்.